வீட்டு விலை இறங்கினால் சுக்காய் பிந்துவும் இறங்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அண்ணே, 2015-ல் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோ வாங்கினோம். அப்போது 5 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி. இப்போது அதே புளோக்கில் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கு விற்கிறார்கள். ஆனால் ஊராட்சி மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி, அந்தச் சுக்காய் பிந்து மட்டும் ஒரு சென் கூட இறங்கவில்லை. பில்லில் நிலாய் தஹுனான் 16,800 என்று போட்டிருக்கிறது. கலிபோர்னியாவில் இருக்கும் சித்தப்பா மகன், வீட்டு விலை விழுந்தபோது அங்கே வரியைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்கிறான். நாமும் இங்கே எழுதிக் கேட்கலாமா? வாடகைக்கு இருந்தவர்கள் வேறு மார்ச் கடைசியில் காலி செய்துவிட்டார்கள்."

தங்கச்சி, விலை இறங்கிவிட்டது, வரியைக் குறையுங்கள் என்று எழுதினால் குறைக்க மாட்டார்கள். தபால் செலவுதான் மிச்சம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் வாடகைக்காரர் காலி செய்ததைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்குக் காசு அங்கேதான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த வரியை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கவுண்டரில் போய் நின்றால், அங்கே இருப்பவர் இரண்டு நிமிடத்தில் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். நான் இருபது வருடத்துக்கு மேல் ஒரு தனியார் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அப்படித் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வீட்டு வரி, வீட்டின் விற்பனை விலையை வைத்துப் போடுவதில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, 'நிலாய் தஹுனான்' என்ற ஒன்றை அடிப்படையாக வைக்கிறது. தமிழில் ஆண்டு மதிப்பு என்று சொல்லலாம். இந்த வீட்டை ஒருவருக்கு வருட வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு வரும் என்ற மதிப்பீடுதான் அது. ரிப்பேர், இன்சூரன்ஸ், பராமரிப்பு, வரி எல்லாவற்றையும் வீட்டுக்காரரே கட்டுவதாக வைத்துக்கொண்டு, கழிவு எதுவும் போகாத முழு வாடகையை எடுப்பார்கள். அதை உங்கள் ஊராட்சி மன்றம் வைத்திருக்கும் விகிதத்தால் பெருக்கினால் ஒரு வருட வரி. அது பாதி பாதியாகப் பிரிந்து, பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று என்று வருகிறது.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 16,800 என்றால் மாத வாடகை 1,400 வெள்ளி என்று வைத்திருக்கிறார்கள். விகிதம் 4 விழுக்காடு என்றால் வருடத்துக்கு 672 வெள்ளி, அரை வருடத்துக்கு 336. உங்கள் பில்லும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

இப்போது நீங்களே யோசியுங்கள். உங்கள் புளோக்கில் இன்று இதே அளவு வீட்டுக்கு வாடகை எவ்வளவு? செந்தூலில் எல்ஆர்டிக்குப் பக்கத்தில் மூன்று அறை கொண்டோ என்றால், இறங்கிய பிறகும் 1,400-க்கு யாரும் வாடகைக்கு விடுவதாகத் தெரியவில்லை. 2,000 இருந்தது 1,700 ஆகியிருக்கலாம், அதுவும் நஷ்டம்தான். ஆனால் மன்றத்தின் ஏட்டில் இருப்பது 1,400. 'வாடகை இறங்கிவிட்டது, 1,700 தான் வருகிறது' என்று நீங்கள் கடிதம் எழுதினால், அதைப் படிக்கிற அதிகாரிக்கு வேறு ஒன்றுதான் கண்ணில் படும். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள்.

2015-ல் வாங்கிய வீட்டுக்கு இவ்வளவு குறைவான வாடகையை ஏன் போட்டார்கள் என்று கேட்கலாம். மதிப்பீட்டுப் பட்டியல் என்பது வருடா வருடம் எழுதுவது இல்லை. சட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப் பட்டியல் போட வேண்டும், ஆனால் அந்தக் கால அளவை நீட்டித்துக்கொள்ளவும் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். நீட்டித்தார்கள், நீட்டித்தார்கள், நம் கோலாலம்பூரில் 1992-க்குப் பிறகு 2013 வரை அப்படியே ஓடியது. இரண்டு பட்டியலுக்கு இடையில் எழும்புகிற புதுக் கட்டடத்துக்கும் அப்போது நடப்பில் இருக்கும் பட்டியலின் நிலவரத்தை ஒட்டித்தான் மதிப்பு போடுவார்கள். இல்லாவிட்டால் ஒரே தெருவில் பழைய வீட்டுக்காரர் ஒரு கணக்கிலும் புது வீட்டுக்காரர் வேறு கணக்கிலும் கட்ட வேண்டி வரும். உங்கள் கொண்டோவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

2013 ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம் நவம்பரில் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம் வீடு வீடாகப் புது ஆண்டு மதிப்பு நோட்டீஸ் அனுப்பியது. இருபத்தோரு வருடத்து உயர்வு ஒரே காகிதத்தில் வந்து விழுந்தது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போட்டிருந்தார்கள். கோலாலம்பூர் முழுக்க ஆட்சேபக் கடிதம் எழுதியது. நானே எங்கள் தாமானில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தேன். கடைசியில் மன்றம் விகிதத்தைக் குறைத்தது, குடியிருப்பு வீடுகளுக்கு 6 விழுக்காடாக இருந்தது 4 ஆனது. ஆண்டு மதிப்பு 6,000 இருந்த வீடு பழைய கணக்கில் 360 வெள்ளி கட்டியது. அது 12,000 ஆகி, விகிதம் 4 என்றால் 480. மதிப்பு இரண்டு மடங்கு ஏறியும் வரி மூன்றில் ஒரு பங்குதான் ஏறியது.

இந்த உதாரணத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மன்றத்துக்குக் குப்பை அள்ள, சாலை போட, கால்வாய் தூர் வார, தெருவிளக்கு எரிய இவ்வளவு காசு வேண்டும் என்று ஒரு பட்ஜெட் இருக்கிறது. மதிப்பு எல்லாருக்கும் ஏறினால் விகிதத்தை இறக்கலாம். மதிப்பு எல்லாருக்கும் இறங்கினால்? விகிதத்தை ஏற்றுவார்கள். சட்டம் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை போக இடம் கொடுத்திருக்கிறது, அங்கே யாரும் போகப் போவதில்லை என்றாலும் மன்றத்துக்குக் கையில் இடம் நிறைய இருக்கிறது. ஆக, கோலாலம்பூர் முழுக்கக் கொண்டோ வாடகை இறங்கியது என்பதால் மட்டும் உங்கள் பில் இறங்காது. மற்றவர்களுடன் ஒப்பிட்டு உங்கள் பங்கு அதிகமாக இருந்தால்தான் உங்களுக்கு வழக்கு.

கலிபோர்னியா சங்கதி வேறு. அங்கே வரி விற்பனை விலையை வைத்துத்தான். 1978 ஜூனில் அவர்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவின்படி, வாங்கிய விலைதான் அடிப்படை, வருடத்துக்கு அது 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது, அடிப்படை வரி 1 விழுக்காடு. அதே வருடம் நவம்பரில் 8-ஆம் முன்மொழிவு என்று இன்னொன்று வந்தது. சந்தை விலை அந்த அடிப்படைக்கும் கீழே போனால், குறைந்த விலைக்கே வரி போட வேண்டும் என்றது அது. 2008 சரிவுக்குப் பிறகு லட்சக்கணக்கான வீடுகளுக்கு அப்படிக் குறைந்தது. ஆனால் அது தற்காலிகம்தான். சந்தை மீண்டபோது 2 விழுக்காட்டு வரம்பெல்லாம் இல்லாமல் பழைய இடம் வரைக்கும் மளமளவென்று ஏறிவிடும். சித்தப்பா மகனிடம் குறைந்த கதையைக் கேட்டீர்கள், அப்புறம் ஏறிய கதையையும் கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டிலும் விலைக் கணக்கு இல்லாமல் இல்லை. ஜொகூரில் ஆண்டு மதிப்புக்குப் பதிலாக மேம்பட்ட மதிப்பு என்று, நிலமும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பில் போடுகிறார்கள். அதனால்தான் அங்கே விகிதம் பார்க்க அரை விழுக்காடு, கால் விழுக்காடு என்று சின்னதாக இருக்கும். உங்கள் வீடு ஜொகூர் பாருவில் இருந்திருந்தால் உங்கள் கேள்விக்கு அர்த்தமே வேறு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காலி மனை வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். கட்டடம் இல்லாத நிலத்துக்கு வாடகை எங்கே இருந்து வரும்? அதனால் சந்தை விலையில் 10 விழுக்காட்டை ஆண்டு மதிப்பு என்று வைத்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. அனுமதி பெற்று 5 விழுக்காடு வரை இறக்கலாம். அந்த மாதிரி மனைக்கு விலை விழுந்தால் அடுத்த பட்டியலில் அதைச் சொல்லிச் சண்டை போட இடம் இருக்கிறது.

சரி, அப்படியானால் எப்போது ஆட்சேபம் செய்யலாம், எதைச் சொல்லிச் செய்யலாம்?

புதுப் பட்டியல் போடும்போது உங்களுக்கு நோட்டீஸ் வரும். பட்டியலை மன்றத்தில் போய்ப் பார்க்கவும் குறிப்பெடுத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பட்டியலைத் திருத்துவதற்கு ஒரு தேதி குறித்திருப்பார்கள். அந்தத் தேதிக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக உங்கள் ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும் என்கிறது 142-ஆம் பிரிவு. என் மதிப்பு அதிகம், அல்லது வரியே போடக்கூடாத இடத்துக்குப் போட்டிருக்கிறார்கள், அல்லது தனித்தனியாக மதிப்பிட வேண்டியதைச் சேர்த்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லலாம். அடுத்தவர் வீட்டு மதிப்பு குறைவாக இருக்கிறது என்றும் ஆட்சேபம் செய்யலாம், அதுவும் சட்டத்தில் இருக்கிறது! அப்படி எழுதிவிட்டு அதே லிப்டில் அவரோடு ஏறுவது உங்கள் சாமர்த்தியம். எழுதியவரை அழைத்து நேரில் கேட்க வேண்டும், நீங்களே போகலாம், உங்களுக்காக ஒருவரை அனுப்பவும் செய்யலாம். அங்கேயும் திருப்தி இல்லை என்றால் 145-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம். முதலில் ஆட்சேபம் எழுதாதவர் அங்கே போக முடியாது, அதனால் அந்தக் கடிதம்தான் வாசல். ஒரு கொண்டோவுக்காக யாரும் உயர் நீதிமன்றம் போக மாட்டார்கள், வருடம் 672 வெள்ளி வரிக்கு வழக்கறிஞர் வைத்தால் என்ன மிஞ்சும்? ஹோட்டலும் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸும் போகிற வழி அது.

இடைக்காலத்திலும் பட்டியலைத் திருத்த 144-ஆம் பிரிவு இருக்கிறது. தவறு நேர்ந்திருந்தால், கட்டடத்தைக் கூட்டிக் கட்டினால், இடித்தால் என்று அதற்குக் காரணங்கள் வேண்டும். நான் பார்த்த வரையில், 'மார்க்கெட் டவுன்' என்று மட்டும் சொல்லி இந்தக் கதவைத் தட்டியவர்களுக்கு அடுத்த பட்டியல் வரும்போது சொல்லுங்கள் என்றுதான் பதில் கிடைத்திருக்கிறது.

ஆனால் 'தவறு' என்ற அந்த ஒரு சொல் பெரிய சொல், தங்கச்சி. என் அனுபவத்தில் வரி உண்மையிலேயே குறைந்த கேஸ்கள் பெரும்பாலும் அதில்தான் வந்தவை. ஒரு ஊராட்சி மன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தெரேஸ் வீடு, சொந்தக்காரர் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. முன்னால் காடி நிறுத்த ஜிங்க் கூரை போட்டிருந்தார், பக்கச் சுவர் கிடையாது. யாரோ வந்து அளந்தவர், அதை வீட்டோடு சேர்ந்த கூட்டிக் கட்டிய அறை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதே வரிசையில் அதே அளவு வீடுகள் எல்லாம் ஒரு மதிப்பு, பாட்டி வீடு மட்டும் ஒன்றரை மடங்கு. பாட்டியின் மகன் மூன்று முறை போய், விலை, வாடகை, பென்ஷன், அம்மாவின் சர்க்கரை வியாதி என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டார். ஒன்றும் அசையவில்லை. பக்கத்து வீடுகள் நான்கின் பில்லையும், போர்ச்சின் நான்கு பக்கப் படத்தையும், அசல் வீட்டு வரைபடத்தையும் சேர்த்து ஒரே பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தோம். ஆள் வந்து பார்த்தார், அடுத்த அரையாண்டிலேயே சரியாகிவிட்டது. முன்பு கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப வாங்கத்தான் இன்னும் ஒரு வருடம் ஆனது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் கொண்டோ வாட்சப் குரூப்பில், அதே சதுர அடி இருக்கும் பத்துப் பேரிடம் பில்லில் இருக்கும் நிலாய் தஹுனான் எண்ணை மட்டும் கேளுங்கள். பெயர், கணக்கு எண்ணெல்லாம் மறைத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். எல்லாருக்கும் 16,800 சுற்றி வட்டம் போட்டால் உங்களுக்கு வழக்கு இல்லை, விட்டுவிடுங்கள். மேல் மாடிக்கும் கார்னர் யூனிட்டுக்கும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அது தப்பில்லை. உங்களுக்கு மட்டும் 16,800, மற்றவர்களுக்கு 14,000 என்று வந்தால் அப்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. உடனே சதுர அடியைப் பாருங்கள், விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கும் அளவும் மன்றத்தின் ஏட்டில் இருக்கும் அளவும் ஒன்றா? கார் பார்க்கிங் இரண்டு என்று போட்டு உங்களுக்கு ஒன்றுதான் கிடைத்ததா? வகை என்ன போட்டிருக்கிறது? கமர்ஷியல் நிலத்தில் எழும்பிய சர்வீஸ் அப்பார்ட்மெண்ட், அலுவலகமாகவும் வீடாகவும் பயன்படும் சோஹோ இவற்றில் குடியிருப்பவர்கள் இந்த வகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் வணிக விகிதம் குடியிருப்பு விகிதத்தைவிட எப்போதும் கூடுதல்.

வாடகையை ஆதாரமாகக் காட்டுவது என்றால், முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தமாக இருக்கட்டும். இணையத்தில் போட்ட விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அது கேட்கிற வாடகைதானே, கிடைத்த வாடகை இல்லை. கட்டில், சோபா, ஏர்கோன், வாஷிங் மெஷின் எல்லாம் போட்டு விடுகிற வாடகையில் சாமான்களுக்கான பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும், மதிப்பிடுவது வீட்டைத்தான், சோபாவை இல்லை. மெய்ண்டனன்ஸ் 350 வெள்ளி கட்டுகிறேன், அதைக் கழியுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். முழு வாடகை என்று சட்டமே சொல்லிவிட்டதால் அந்த வாதம் நிற்காது. மாமியார் வீட்டுச் சொந்தம் என்று ஒருவருக்கு 600 வெள்ளிக்கு விட்டிருந்தால் அதுவும் கணக்கில் வராது. வெளியாள் ஒருவர் நியாயமாக என்ன கொடுப்பார் என்பதுதான் கேள்வி.

இதில் பினாங்குக்காரர்கள் பட்ட அனுபவம் தலைகீழ். போருக்கு முந்திய ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அடங்கி, பல பத்தாண்டுகளாக அற்ப வாடகையில் ஓடிக்கொண்டிருந்தன. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கட்டுப்பாடு போனது. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் ஏறியதும், லிட்டில் இந்தியா சுற்றுவட்டாரத்தில் பூக்கடையும் மளிகைக் கடையும் இருந்த வரிசையில் கஃபேயும் ஹோட்டலும் வந்தன. பக்கத்துக் கடைக்கு ஏறிய வாடகை, அங்கேயே தாத்தா காலத்து வீட்டில் குடியிருப்பவரின் ஆண்டு மதிப்பையும் அடுத்த பட்டியலில் இழுத்துக்கொண்டு போகும். அவருக்கு வருமானம் ஏறவில்லை, வரி மட்டும் ஏறுகிறது. அங்கே ஆட்சேபம் எழுதுபவர் சொல்ல வேண்டியது 'இது குடியிருப்பு, என்னை ஹோட்டலோடு ஒப்பிடாதீர்கள்' என்பதுதான்.

இப்போது உங்கள் காலி வீட்டுக்கு வருவோம்.

ஊராட்சிச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதே இல்லை. ஒரு கட்டடம் காலியாக, வாடகை எதுவும் வராமல், ஒரு அரையாண்டில் குறைந்தது ஒரு முழு மாதமாவது கிடந்தால், அந்தக் காலத்துக்குரிய வரியைத் திரும்பக் கேட்கலாம். நான்கு விஷயங்களை நீங்கள் காட்ட வேண்டும். வீடு நல்ல நிலையில், குடியிருக்கத் தகுதியாக இருக்கிறது. வாடகைக்காரர் தேட நியாயமான முயற்சி எல்லாம் செய்தோம். கேட்ட வாடகை நியாயமானது. அந்தக் காலம் முழுக்க வீடு காலியாகவே இருந்தது.

உங்கள் கணக்கில், ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம் காலி என்றால் முதல் அரையாண்டின் 336-ல் பாதி, 168 வெள்ளி வரை கேட்கலாம். ஜூலையில் இருந்தும் காலி என்றால் அடுத்த அரையாண்டுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆண்டு மதிப்பை 1,400-ல் இருந்து 1,300 ஆக்க ஒரு வருடம் அலைந்து வெற்றி பெற்றாலும் உங்களுக்கு மிஞ்சுவது 48 வெள்ளி. எதற்கு அலைவது லாபம் என்று பாருங்கள்.

மூன்றாவது நிபந்தனையைக் கவனித்தீர்களா? கேட்ட வாடகை நியாயமானதாக இருக்க வேண்டும். நீங்கள் பழைய ஞாபகத்தில் 2,000 வெள்ளிக்கு விளம்பரம் போட்டு, பக்கத்தில் எல்லாம் 1,700-க்குப் போய்க்கொண்டிருந்தால், வீடு காலியாகக் கிடப்பதற்கு நீங்களேதான் காரணம் என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். உங்கள் சந்தை இறக்கம் மன்றத்தின் கணக்கில் நுழைகிற இடம் இது ஒன்றுதான், அதுவும் உங்களைத்தான் கேள்வி கேட்கிறது. அதனால் முதலில் வாடகையை இறக்கி விளம்பரம் போடுங்கள். ஏஜெண்டிடம் கொடுத்திருந்தால், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். டிஎன்பி கரண்ட் பில், ஆயர் சிலாங்கூர் தண்ணீர் பில் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். மீட்டர் ஓடவே இல்லை என்பதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாரக் கடைசியில் தம்பி நண்பர்களோடு அங்கே போய்ப் படுத்து ஏர்கோன் போட்டால் அந்தச் சாட்சியும் போச்சு. வீடு காலியானதையே மன்றத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். இதை நீங்கள் ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். கடைசியில் மொத்தமாகக் கேட்கலாம் என்று காத்திருந்து நாளைக் கோட்டை விட்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இரண்டு விஷயத்தைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சுக்காய் பிந்துவையும் சுக்காய் தானாவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுக்காய் தானா நில அலுவலகத்துக்குப் போவது, நிலப் பரப்பை வைத்துப் போடுவது. உங்கள் மாதிரி அடுக்குமாடி ஸ்ட்ராட்டா வீட்டுக்கு அது சுக்காய் பெத்தாக் என்ற பெயரில் தனித்தனியாக வருகிறது. அதில் விலைக்கும் வாடகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆட்சேபித்து அலையாதீர்கள். இரண்டு, சலுகைகள். மூத்த குடிமக்கள், மாற்றுத் திறனாளிகள், குறைந்த விலை வீடுகள் என்று மன்றத்துக்கு மன்றம் வேறு வேறு தள்ளுபடி உண்டு. கவுண்டரில் வாய் திறந்து கேட்டால்தான் சொல்வார்கள்.

அப்புறம், ஆட்சேபம் போட்டிருக்கிறேன், முடிவு வரட்டும், அதுவரை கட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்களுக்குக் கோபம் வந்தால் முதலில் செய்வது இதுதான். நிலுவை விழுந்தால் 15 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும், அதற்கும் அசையவில்லை என்றால் வாரண்ட். வீட்டில் இருக்கும் சாமான்களைப் பறிமுதல் செய்ய வருவார்கள். வாடகைக்கு இருப்பவரின் டிவியும் அதில் போகலாம், அது யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கடைசிக் கட்டத்தில் வீட்டையே ஏலம் விடவும் சட்டம் இருக்கிறது. கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். குறைத்தால் அடுத்த பில்லில் கழிப்பார்கள் அல்லது திருப்பித் தருவார்கள்.

தனியார் மதிப்பீட்டாளரிடம் ரிப்போர்ட் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். நானே அந்தத் தொழிலில் இருந்தவன், சொல்லக் கூடாது, ஆனால் ஒற்றைக் கொண்டோவுக்கு வேண்டாம். ரிப்போர்ட் கட்டணம் உங்களுக்கு மிஞ்சக்கூடிய பல வருட வரியைத் தின்றுவிடும். புளோக் முழுக்க ஒரே தவறு இருந்தால், அப்போது கொண்டோவை நிர்வகிக்கும் மெனேஜ்மென்ட் கார்ப்பரேஷன் மூலமாக எல்லாரும் சேர்ந்து ஒரே ரிப்போர்ட் எடுப்பது வேறு விஷயம். 2013-ல் சில இடங்களில் அப்படிச் சேர்ந்து போனவர்கள்தான் கொஞ்சம் மரியாதையோடு பதில் வாங்கினார்கள்.

வாட்சப் குரூப்பில் எண்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், உங்கள் சதுர அடியையும் சேர்த்து. காலி வீட்டு விண்ணப்பத்துக்கு மட்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், ஏஜெண்டின் கடிதம் கையில் வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.